திருப்பிவிட்ட தோள்

இன்று காலை ரெட்டியார்பாளையம் பஸ்ஸில் ஜன்னலோரத்தைக் காலியாக விட்டுவிட்டு நடைவழிப் பக்கமே உட்கார்ந்தேன். உனக்கு விட்டுக்கொடுத்தே பழகிவிட்டது. ரவுண்டானாவில் பஸ் வளைந்ததும் சர்ரென்று சறுக்கிப் போய் ஜன்னல் கம்பியில் இடித்துக்கொண்டேன். தோள் இன்னும் வலிக்கிறது, சனியன்.

நீ இருந்தபோது உன் மேல்தான் விழுவேன். நீ இயற்பியல் டீச்சர், நான் வேதியியல். வட்ட இயக்கத்தை மனப்பாடம் பண்ணியே பாஸானவள் நான். ஒருநாள் வம்புக்குக் கேட்டேன். "டிரைவர் ஒரே வேகத்துல ஓட்றாரு. வேகமே ஏறலை, அப்புறம் முடுக்கம் எங்கேர்ந்துடி வந்துச்சு?"

"திசை மாறுதில்ல? அதுவும் முடுக்கம்தான். நீ என் மேல விழறதா நெனைக்கிற. நீ நேராப் போறவ. பஸ்ஸு திரும்புது. நான்தான் உன்னை உள்பக்கமாத் தள்ளித் திருப்பிவிடறேன்."

"போடி, என் எடையத் தாங்க முடியாம கதை விடற" என்றேன். மீன் கூடையோடு முன்சீட்டில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, "என் கிளாஸ் புள்ளைங்களுக்கு அந்த வட்ட இயக்கப் பாடத்த நீயே எடுத்துடுடி" என்றாய். அதற்குப் பிறகு நீ பேசவில்லை.

இன்று போய்க் கேட்டால் ஹெச்.எம். சொல்கிறார், "வேதியியல் டீச்சருக்கு எதுக்கு இந்த வேலை? புது ஆள் வரட்டும்." பொங்கிவிட்டேன். இந்த வேலையே வேண்டாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தேன். எத்தனை தடவை இப்படிக் கிளம்பியிருக்கிறேன்! நீ தடுத்ததே இல்லை. அதே வேகத்தில் கூடவே வந்து, தோளால் தள்ளித் தள்ளிக் குழாயடிப் பக்கம் கொண்டுபோய்விடுவாய். "மூஞ்சி கழுவிட்டு வா, அப்புறம் சண்ட போடலாம்."

கேட்டில் நின்று பக்கத்தில் பார்த்தேன். யாருமில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் வேகத்தை நீ ஒருநாளும் குறைக்கவில்லை, திசையை மட்டும்தான் மாற்றினாய் என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரு வரிப் பாடம். இத்தனை வருஷம் மண்டையில் ஏறவில்லையே!

குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். திரும்பிப் போய் ஹெச்.எம்.மிடம் பொறுமையாகப் பேசினேன். நானா பொறுமையாக! அதெல்லாம் உன் பழக்கம், என்னிடம் ஒட்டிக்கொண்டது. கடைசியில் "சரி, நீங்களே எடுங்க" என்றுவிட்டார்.

உன்னிடம் சொல்ல ஸ்டாஃப் ரூமுக்கு ஓடினேனடி. வாசலுக்குப் போன பிறகுதான் நினைவு வந்தது.