ஐந்து புத்தகங்களுக்கு மட்டும் அட்டை

குன்னூர் பஸ் நிறுத்தத்தில் உன் கண்ணீர் அஞ்சலி பேனர். படத்தில் உன்னை வெள்ளையாக்கியிருக்கிறார்கள். ஸ்டூடியோக்காரன் கேட்காமலேயே செய்வான். கன்னத்தில் ரோஸ் வேறு. கீழே பள்ளி நிர்வாகிகளின் பெயர்கள், உன் பெயரைவிடப் பெரிதாக. மூன்று நாள் காய்ச்சலில் செத்த பிறகு, ஒருவழியாக அவர்கள் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டாய்.

தேயிலை எஸ்டேட் பள்ளியில் நூலகம் நடத்த உனக்குக் கொடுத்த இடம், பழைய சத்துணவு ஸ்டோர். லவ்டேல் பக்கம் ஏதோ பெரிய பள்ளி கழித்துவிட்ட ஆங்கிலப் புத்தகங்கள் அங்கே மூட்டையாக வந்தன. ஐந்தின் அட்டையில் கறுப்புச் சிறுமிகள். கரீபியத் தீவுகளில் கரும்பு வெட்டுகிறவர்களின் பிள்ளைகள். போனில் சொன்னாய்: "நம்ம லயத்துப் புள்ளைங்கடி இதுங்க. இங்கிலீஷ் பேசுது, அவ்வளவுதான்."

சனிக்கிழமைகளில் அவற்றைத் தமிழில் சொல்லிக்கொண்டே படிப்பாய். கொழுந்து பறிக்கிறவர்களின் மகள்கள் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார்கள்.

தலைமையாசிரியை வந்த அன்று, லீவுக்கு வந்திருந்த நானும் அங்கே இருந்தேன். "ஏம்மா, நம்ம புள்ளைங்கதான் கருப்பா கெடக்குதுங்க. புக்குலயாவது நல்ல மொகமாப் பாக்கட்டுமே." பிறகு, புத்தகம் அழுக்காகிவிடுமாம், பிரவுன் பேப்பரில் அட்டை போடச் சொன்னார். அந்த ஐந்துக்கு மட்டும்.

"போட்டர்றனுங்க மேடம். ஆனா பிரவுனும் எங்க கலர்தானுங்களே" என்றாய்.

திட்டுவதா சிரிப்பதா என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனார்.

நான் அப்போது கோயம்புத்தூரில் ஆய்வு எழுதிக்கொண்டிருந்தேன். கரீபியச் சிறார் இலக்கியம். ஏகப்பட்ட அடிக்குறிப்புகள்.

"இத யாருடி படிப்பா?" என்று கேட்டாய்.

"கைடு."

"அவரு படிப்பாரா?"

போன வாரம் தலைமையாசிரியை கூப்பிட்டார். இரங்கல் கூட்டத்தில் உன்னைப் பற்றி நான் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். அதே மூச்சில், அந்த அஞ்சு புக்கையும் பழைய பேப்பருக்குப் போட்டுவிடலாமா என்றும் கேட்டார். இவர்களுக்கு வெட்கம் என்று ஒன்று எங்காவது இருக்கும் என்று தேடுவதை நிறுத்திவிட்டேன்.

கூட்டத்துக்குப் போகவில்லை. சனிக்கிழமை உன் நூலகத்துக்குப் போனேன். பிரவுன் பேப்பர் அட்டைகளைக் கிழித்தேன். பிள்ளைகள் வந்தார்கள், ஏழு பேர். படித்தேன்.

மூன்றாம் பக்கத்தில் ஒருத்தி நிறுத்தினாள். முன்வரிசை, ரெட்டைச் சடை.

"அக்கா, கருப்புன்னு வர்ற எடத்துல மட்டும் ஏன் மெதுவாச் சொல்றீங்க?"

"இல்லையே."

"சொன்னீங்க. ரெண்டு தடவ. அந்த அக்கா சத்தமாத்தான் படிப்பாங்க."

பக்கத்துக்காரி தலையாட்டினாள். நான் முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். அந்தச் சொல் வருவது தெரிந்தது. தயாராகத்தான் இருந்தேன். வந்ததும் குரல் தானாக இறங்கியது.

ஏழு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் அந்தத் தலைமையாசிரியையைப் பார்ப்பதுபோல.