பாதி மொட்டை

நவம்பர் 14

குருநாதன். குருநாதன். என் பெயர்தான். கோழிக் கிறுக்கல்.

நவம்பர் 17

நர்ஸ் லாவண்யா கொடுத்த நோட்டு இது. தினமும் வலது கையாலேயே எழுத வேண்டுமாம். தலையில் பட்ட அடியில் அந்தக் கைதான் மரத்துக் கிடக்கிறது. மலைமேல் கவுஞ்சி கிராமத்தில் ஒரு குழந்தைக்கு முதல் மொட்டை போட்டுவிட்டு பைக்கில் இறங்கியவன், பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில் விழுந்தேன். ஐ.சி.யூ.வில் கண் விழிக்க ஆறு நாள் ஆனதாம்.

உயிரோடு இருக்கிறேன். அது போதாதா? போதும்தான். ஆனால் பழனி முடிக்கொட்டகையில் இருபத்திரண்டு வருடம் கத்தி பிடித்த கை இது.

இவ்வளவு எழுத ஒரு காலை முழுக்க ஆனது.

நவம்பர் 18

தலையைத் தடவிப் பார்த்தேன். ஆபரேஷனுக்காக இடப் பக்கம் மட்டும் மழித்திருக்கிறார்கள். அதிலும் காதோரம் கொத்துக் கொத்தாக மிச்சம். எனக்குப் போய் இப்படியா? கொட்டகையில் ஒருவரைப் பாதி மொட்டையோடு எழுப்பி அனுப்பினால் அன்றைக்கே மானம் போய்விடும்.

லாவண்யாவிடம் குறைப்பட்டேன். கொடைக்கானல் பெண், வாய் அதிகம். "அண்ணா, லைஃப் முக்கியமா, ஃபினிஷிங் முக்கியமா?" என்றாள். இரண்டும்தான் என்றேன்.

நவம்பர் 19

கஞ்சி. உப்பு சரியாக இருந்தது.

நவம்பர் 20

தமயந்தி வந்தாள். என் தலையைப் பார்த்ததும் சிரித்தாள். விபத்துக்குப் பிறகு என் மனைவி சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

பிறகு வேண்டுதலைச் சொன்னாள். நான் பிழைத்தால் முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டியிருக்கிறாளாம். இடுப்பு வரை முடி அவளுக்கு. நுனியில் கொஞ்சம் கத்தரித்துப் பூமுடி கொடுத்தால் போதுமே என்றேன். கேட்கவில்லை. சரி, என் கூட்டாளி வேலப்பன் எடுத்துவிடுவான் என்றேன். அதற்குத்தான் கோபம் வந்தது.

"நீங்கதான் எடுக்கணும். வேற யாரும் என் தலையத் தொட வேணாம். எத்தன மாசம் ஆனாலும் காத்துக் கெடக்கேன்."

ஸ்பூன் பிடிக்கவே ஆடுது இந்தக் கை. கத்தியா பிடிக்கும்? ஏன்டி என்னை இப்படி மாட்டிவிடுற?

அவள் போனதும் அழுதேன். ஆனாலும், சந்தோஷமாகத்தான் இருந்தது.

நவம்பர் 23

லாவண்யா ஒரு கையுறையை ஊதிக் கட்டிக் கொடுத்தாள். ஐந்து குடுமியோடு ஒரு தலை. அதில் சோப்பு நுரை பூசி, ஐஸ்கிரீம் குச்சியால் வழித்தேன். இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் இழுக்க வேண்டும். மூன்று முறை கீழே விழுந்தது. பக்கத்துக் கட்டில்காரர் விலா எலும்பு வலிக்க வலிக்கச் சிரித்தார்.

நவம்பர் 24

இன்று ஒரு முறைதான் விழுந்தது.

நவம்பர் 26

வார்டுக்கு மாற்றினார்கள். இங்கே ஜன்னல் இருக்கிறது, மலை தெரிகிறது. கிளம்பும் முன் லாவண்யா மீதி முடியையும் மெஷினால் எடுத்துவிட்டாள். காதோரம் நானே தடவிப் பார்த்தேன். பரவாயில்லை.

மார்ச் 17

காலையிலேயே கொட்டகைக்குப் போனோம். தமயந்தி என் முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். கை நடுங்கினால் கத்தியை வாங்கிக்கொள்ள வேலப்பன் பக்கத்திலேயே நின்றான்.

ஐந்து நிமிட வேலை எனக்கு. இன்று அரை மணி ஆகியும் பாதிதான் முடிந்திருந்தது. அப்போது காதுக்குப் பின்னால் கத்தி கீறிவிட்டது. ஒரு பொட்டு ரத்தம். கையை எடுத்துவிட்டேன். வேலப்பன் கையை நீட்டினான்.

அவள் திரும்பவில்லை.

"நிறுத்தாதீங்க. பாதி மொட்டையோட நான் எந்திரிக்க மாட்டேன்."

முழுதாக முடித்து, சந்தனம் பூசித்தான் எழுப்பினேன்.