காறையெலும்புக்கு மேல் எரிந்த புள்ளி

ராத்தா,

அலுமாரியின் மேல்தட்டைத் துடைக்கும்போது உங்களின் அந்தப் பெரிய காகித உறை கையில் தட்டுப்பட்டது. உள்ளே சென்னையில் எடுத்த பெட் ஸ்கேன் படம். கறுப்பாக ஓர் ஆள் உருவம், அதில் அங்கங்கே மஞ்சளாக எரியும் புள்ளிகள். கூடப்பிறந்தவர் மௌத்தாகிப் போன பிறகும் அவரின் நோயை ஏன் வீட்டில் வைத்திருக்க வேண்டும், எரித்துவிடுங்கள் என்றாள் என் மனைவி. மாட்டேன் என்றேன். உறையைத் துடைத்து அதே தட்டில் வைத்தேன். அதற்குப் பிறகு வேறு வேலை ஓடவில்லை, உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

யுத்தம் முடிந்த வருடம் அது. வீதித் தடைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து சனம் மூச்சுவிடத் தொடங்கிய நேரம், உங்களுக்கு இருமல் பிடித்தது. பின்னேரமானால் காய்ச்சல். மருத்துவமாதுச் சட்டை உடம்பில் தொளதொளத்தது. அப்படியும் லீவு எடுக்காமல் மருதமுனை ஒழுங்கைகளில் சைக்கிள் மிதித்துக் கர்ப்பிணிகளைப் பார்த்துக்கொண்டு திரிந்தீர்கள். கல்முனையில் எக்ஸ்ரே எடுத்தோம், சளியைச் சோதித்தோம், சளியில் ஒன்றும் இல்லை. கொழும்பில் சீ.ரீ. ஸ்கேன். நெஞ்சுக்குள் கட்டிகள் என்றார்கள். புற்றுநோயாக இருக்கலாம், எதுவரை பரவியிருக்கிறது என்று பெட் ஸ்கேனில் பார்க்கலாம் என்றார் டொக்டர். அதற்கு எங்களுக்குத் தெரிந்த வழி சென்னைதான்.

ஊரில் அப்போதே உங்களைப் போனவராக நினைத்துக் கதைத்தார்கள். உங்களை அப்படி நினைத்தது அது முதல் தடவையும் இல்லை. அதற்கு நாலைந்து வருடம் முன்பு, சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த மூன்றாம் நாள், பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த மௌத்தானவர்களின் பட்டியலில் உங்கள் கணவரான மச்சானின் பெயருக்குக் கீழே உங்கள் பெயரும் இருந்தது. எங்கிருந்தோ சேறு காய்ந்த உடுப்போடு வந்தீர்கள். யாரிடமோ பேனை வாங்கி உங்கள் பெயரை வெட்டினீர்கள். மச்சானின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தீர்கள், அதை வெட்டவில்லை. அன்றைக்கே அந்தப் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் சீலைகளை மறைப்பாகக் கட்டி, பெரியநீலாவணைப் பெண் ஒருத்திக்குப் பிள்ளை பெறுவித்தீர்கள்.

சென்னையில் ஆறு மணித்தியாலம் தண்ணீர் தவிர வேறொன்றும் இல்லை. நோன்பைவிட இது லேசு என்று சிரித்தீர்கள். விரலில் குத்திச் சீனி அளவைப் பார்த்தார்கள். பிறகு கதிரியக்கம் கலந்த குளுக்கோசைக் கையில் ஏற்றி, ஒரு மணித்தியாலம் அசையாமல், கதைக்காமல் படுக்கச் சொன்னார்கள். உடம்பில் எது கூடுதலாக வேலை செய்கிறதோ அது கூடுதலாகச் சீனியை எடுக்கும், எடுத்த இடம் படத்தில் எரியும். நீங்கள் ஸலவாத்து ஓதுவதைக் கண்ட நர்ஸ், உதட்டை அசைக்க வேண்டாம் அம்மா என்றாள். மனதுக்குள் ஓதினாலும் எரியுமா என்று கேட்டீர்கள். மூளை எப்படியும் எரியும் என்றாள் அவள். வெளியே வந்து என்னிடம் சொன்னீர்கள்:

"மூளை இரிக்கிதெண்டு படத்தில தெரிஞ்சா போதும் தம்பி."

அன்றைய நாள் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பக்கத்தில் போகக் கூடாது என்றார்கள். வாசலில் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி நின்றாள். அவள் போகும்வரை அடுத்த பக்கச் சுவரோரமாக ஒதுங்கி நின்றீர்கள். அந்த நாள் முழுவதிலும் அப்போதுதான் உங்கள் முகம் வாடியது.

படத்தில் நெஞ்சு முழுக்க எரிந்தது. பரவிய புற்றுநோயாக இருக்கக்கூடும் என்று அறிக்கை சொன்னது. கொழும்பு டொக்டர் அதைப் பார்த்துவிட்டு, இந்த உடம்போடு நெஞ்சைத் திறந்து சோதனைக்குத் துண்டு எடுப்பது ஆபத்து, வீட்டில் வைத்து நன்றாகப் பாருங்கள் என்றார். நான் தலையாட்டினேன் ராத்தா. அதை இன்றுவரை உங்களிடம் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், போகலாம் என்று உங்களைக் கதிரையிலிருந்து எழுப்பப் பார்த்தேன்.

"நாட்டம் என்னெண்டு நமக்கு இன்னும் தெரியாதே. இரி," என்றீர்கள்.

பிறகு டொக்டரிடம் சிங்களத்தில் கேட்டீர்கள், சீனியை எடுப்பது புற்றுநோய் மட்டும்தானா என்று. கிருமி பிடித்த இடமும் எடுக்கும்தான், ஆனால் இவ்வளவு இடங்கள், என்று இழுத்தார் அவர். நீங்கள் படத்தைத் திருப்பி, இடது காறையெலும்புக்கு மேலே கடுகளவு எரிந்த ஒரு புள்ளியில் விரலை வைத்தீர்கள். கழுத்துச் சீலையை விலக்கி அதே இடத்தைத் தொட்டுக் காட்டினீர்கள். இதற்கு நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை, இதில் ஒரு துண்டு எடுங்கள், பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புங்கள், அதுவரை இந்தக் கதிரையை விட்டு எழும்ப மாட்டேன் என்றீர்கள். டொக்டர் குனிந்து உங்கள் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு அதில் துண்டு எடுக்கச் சீட்டு எழுதினார். முடிவு வந்தது.

காசநோய்.

எங்கே தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கடலுக்குப் பிறகு நீங்கள் வேலை செய்த அகதி முகாமாக இருக்கும் என்றீர்கள். அந்தப் படம் பொய் சொல்லவில்லை, எங்கே துண்டு எடுக்கலாம் என்றுகூடக் காட்டித் தந்தது, நாங்கள்தான் அவசரப்பட்டு முடிவெடுத்தோம் என்றீர்கள். ஆஸ்பத்திரி நடையில் நான் அழுததற்கு ஏசினீர்கள். வீடு வந்தபோது சாச்சி, சாகக் கிடப்பவருக்கு ஓதுவதுபோல, யாசீன் ஓத ஆட்களைக் கூப்பிட்டிருந்தார். ஓத வந்தவர்களுக்கு நீங்களே சீனி போட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தீர்கள். மாதக்கணக்கில் குளிசை விழுங்கினீர்கள், ஒரு நாள் தவறவில்லை. திரும்பவும் சட்டை உடம்போடு பொருந்தியது, திரும்பவும் சைக்கிள்.

எட்டு வருடங்கள் கழித்து ஒரு காலையில், கிளினிக்குக்கு வெளிக்கிடும்போது உங்கள் நெஞ்சு நின்றுபோனது. மையத்து வீட்டில் ஒருவர் மற்றவரிடம், கான்சரோடு இவ்வளவு காலம் இழுத்திருக்கிறா, பாவம், என்றார். நான் எழுந்து நின்றேன்.

"ராத்தாக்குக் கான்சர் இரிக்கல்ல. டீ.பி. வந்திச்சி, மருந்து குடிச்சா, சுகமாயிற்று. அதுக்குப் புறகு எட்டு வருசம் இந்த ஊர்ப் புள்ளைகளக் கையில ஏந்தினா."

யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள், மையத்து வீட்டில் சத்தம் போடக் கூடாதென்று. நான் இன்னொரு தரம் சொன்னேன்.

உங்கள் சைக்கிளை உங்களுக்குப் பிறகு வந்த மருத்துவமாதுக்குக் கொடுத்துவிட்டோம். எனக்கு மிஞ்சியது உங்கள் வாய். டொக்டரிடம் போனால், இது என்ன, எப்படித் தெரியும், வேறு ஏதாவதாக இருக்கலாமா என்று கேட்காமல் எழும்புவதில்லை. யாராவது உங்கள் கதையைப் பிழையாகச் சொன்னால் நடுவீதியில் நின்று திருத்துகிறேன். என்னைக் கண்டால் சிலர் கதையை வேறு பக்கம் மாற்றுகிறார்கள்.

மாற்றட்டும்.