நவம்பர் கடைசிச் சனிக்கிழமை ஆட்டம், ரங்கூனில்தான்

என் பிரியமுள்ள தாசண்ணா,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. கல்லறைக்கு வந்து நின்றால் அழுகைதான் வருகிறது, பேச்சு வருவதில்லை. அதனால் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால் எனக்குக் கோபம் வரும் என்று உனக்குத் தெரியும். அந்தக் கோபத்தைப் பொறுத்துக்கொண்டு கேட்க இந்த ஊரில் உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? நாலு பேர் கூடவே படித்தாலும் படிக்கட்டும். மறைக்க ஒன்றுமில்லை.

முதலில் செய்தி. ரக்பி லீக் வட்டாரக் குழு அடுத்த இரண்டு வருடத்துக்கான பன்னாட்டு ஆட்ட அட்டவணையைப் போட்டு அனுப்பியது. தாய்லாந்து இருந்தது, கம்போடியா இருந்தது, பிலிப்பைன்ஸ் இருந்தது. நீ விட்டுப்போய் நான் எடுத்துக்கொண்ட நம் பர்மா அணி இல்லை. மேலே பெரிய எழுத்தில் ‘நடைமுறைக்கு ஏற்ற அட்டவணை’ என்று தலைப்பு. நாம் இல்லாததுதான் அந்த நடைமுறை போலிருக்கிறது. தாளைக் கிழித்துப் போடலாம் என்று கை துடித்தது. ஆனால் அலுவலகத்து அச்சுத் தாள், பின்பக்கம் வெற்றாக இருந்தது. அதில்தான் என் அட்டவணையை எழுதினேன்.

உன் ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அணிக்குப் பதின்மூன்று பேர். ஆறு தடவை பிடிபட்டு விழுவதற்குள் பந்தை எதிர்க்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட வேண்டும். பதினைந்து பேர் ஆடும் ரக்பி வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பினால் நீ கல்லறையிலிருந்து எழுந்து வந்தாலும் வருவாய்.

அந்தக் குழு எப்படி அட்டவணை போடுகிறது தெரியுமா? முதலில் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் உள்ளூர்ப் போட்டிகள் எப்போது முடிகின்றன என்று பார்க்கிறார்கள். அவை முடிந்ததும் பெரிய நாடுகளுக்கு நல்ல வாரங்கள் எல்லாம் போய்விடும். மிச்சம் மீதியில் நம்மைப் போன்றவர்களைச் சொருகுவார்கள். முன்னொரு தடவை நமக்கு ஜூலையைக் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஜூலையில் இன்சீன் மைதானத்தில் பந்து விழுந்தால் உருளாது, மிதக்கும். அதை ஒருவராவது வந்து பார்த்ததுண்டா?

நான் கியாக்டடாவில் கப்பல் முகவர் அலுவலகத்தில் இத்தனை வருடம் குப்பை கொட்டியதில் ஒன்று கற்றிருக்கிறேன். ஆற்றில் தண்ணீர் ஏறினால்தான் பெரிய கப்பல் உள்ளே வரும். கப்பல்காரர் எப்போது வர ஆசைப்படுகிறார் என்று நாங்கள் கேட்பதில்லை. வரவே முடியாத நேரங்களை முதலில் அடித்துவிடுவோம். அடிபடாமல் மிஞ்சுவது எதுவோ அதுதான் அட்டவணை. இதை உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? நீ தேதியை முதலில் போட்டுவிட்டுப் பிறகு ஆட்களைத் தேடுவாய்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி இப்போது எழுதித்தான் ஆக வேண்டும். கோபித்துக்கொள்ளாதே.

நம் ஊருக்கு முதன்முதலாக ஒரு வெளிநாட்டு அணி வருகிறது என்று நீ தரையில் கால் பாவாமல் திரிந்தாய். மார்ச் மாதம். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளை ஒதுக்கினாய், பெரிய வாரத்தை ஒதுக்கினாய், தண்ணீர்த் திருவிழாவை ஒதுக்கினாய், பௌர்ணமியையும் ஒதுக்கினாய். அம்மன் கோயில் தீமிதி ஞாயிற்றுக்கிழமையைச் சிவப்பில் வட்டம் போட்டு ஒதுக்கினாய். அதற்கு எட்டு நாள் முன்னால், சனிக்கிழமை ஆட்டம். எல்லாச் சாமிக்கும் இடம் விட்டாயிற்று என்று என்னிடம் பெருமையடித்துக்கொண்டாய்.

தீமிதி ஒருநாள் காரியம் இல்லை என்று ஜெபமாலை உருட்டும் நம் வீட்டில் யாருக்குத் தோன்றியது? காப்பு கட்டினால் பத்து நாள் விரதம். கவிச்சி கூடாது, சண்டை கூடாது, உடம்பில் ஒரு சொட்டு ரத்தம் வரக்கூடாது. அப்படிப்பட்டவனை நடுமைதானத்தில் மூன்று பேர் சேர்ந்து பிடித்துக் கீழே தள்ளலாமா? நம் பையன்களில் ஏழு பேர் மஞ்சள் கயிற்றோடு இருந்தார்கள். அவர்களும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் தேதி கொடுத்துவிட்டார், எப்படி மாட்டேன் என்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே நாளைக் கடத்தி, முதல் நாள் சாயங்காலம் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

மறுநாள் தாய்லாந்துப் பையன்கள் சீருடை போட்டு நின்றார்கள். நீ பொறுக்கிய பதினாறு பேரில் ஏழு போக நம் பக்கம் ஒன்பது பேர், ஷிப்டுக்குப் போயிருந்த மற்றவர்களை ஒரே ராத்திரியில் கூட்ட முடியவில்லை. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு உன்னைப் பார்த்தார். ‘ஏற்பாடு செய்த அணி களமிறங்கத் தவறியது’ என்று குழுவின் பதிவில் ஏறியது. பொறுப்பாளர் என்ற இடத்தில் உன் பெயர். அதற்குப் பிறகு நீ சிரித்ததை நான் பார்க்கவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். டாக்டர் இதயம் என்றார். எனக்கு அந்த ஒரு வரிதான் காரணம் என்று தோன்றுகிறது. தோன்றுவதைச் சொல்கிறேன், நிரூபிக்கச் சொல்லாதே.

ஆகவே இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை வட்ட ரயிலைப் பிடித்து இன்சீனுக்குப் போனேன். பயிற்சி முடிந்து எல்லாரும் டீக்கடையில் மொய்ங்கா நூடுல்ஸ் சாப்பிடும் நேரம். தாளை மேசையில் விரித்தேன். “ஆட முடியிற நாள் எனக்கு வேணாம். ஆட முடியாத நாளச் சொல்லுங்க. வெக்கப்பட்டீங்கன்னா உதை விழும்” என்றேன். முதலில் எல்லாரும் மொய்ங்காக் கிண்ணத்தைக் கிண்டினார்கள். பிறகு வாய் திறந்தார்கள் பார், மூட முடியவில்லை. காப்பு, நோன்பு, தங்கச்சி கல்யாணம், பட்டறையில் ஷிப்ட், புத்த மடத்தில் ஒரு வாரம் துறவு. ஐயப்பனுக்கு மாலை போடுகிறவன் உண்டா என்று நானே கேட்டேன். ஒருவன் கையைத் தூக்கினான். “ஆட்டம் முடிஞ்ச மறுநா போட்டுக்கிறேன் எக்கா” என்றான். அதையும் எழுதிக்கொண்டேன்.

அதே கேள்வியோடு வெற்றுத் தாளை மற்ற மூன்று நாட்டுச் செயலாளர்களுக்கும் அனுப்பினேன். இதுவரை யாரும் தங்களை இப்படிக் கேட்டதில்லை என்று கம்போடியாவிலிருந்து ஒரு பெண் பதில் எழுதினாள். நாலு தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து அடித்தேன். மழை போயிற்று, தண்ணீர்த் திருவிழா போயிற்று, புயல் மாதம் போயிற்று, நோன்பு போயிற்று. வருடத்தில் மூன்றே சனிக்கிழமைகள் மிஞ்சின. நவம்பரில் ஒன்று, ஜனவரிக் கடைசியில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று. மூன்று போதும், அண்ணா. நடக்காத பன்னிரண்டு தேதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதை எடுத்துக்கொண்டு காணொளிக் கூட்டத்தில் உட்கார்ந்தேன். சனிக்கிழமை மதியம், எங்கள் அலுவலகம். மின்சாரம் இல்லை, ஜெனரேட்டர் கத்திக்கொண்டிருந்தது. டாலாவிலிருந்து படகேறி முனியாண்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். உன் அணித் தலைவன்தான், முன்வரிசையில் மோதுகிறவன். கூட்டத்துக்கென்று சட்டைக்கு இஸ்திரி போட்டு, புது லோஞ்சி கட்டியிருந்தான்.

குழுவின் சார்பாகப் பேசியவர் கோலாலம்பூர்த் தமிழர், பெயர் தேவராஜ். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களைத்தான் இந்த மாதிரி வேலைக்கு அனுப்புகிறார்கள்.

“கோவிச்சிக்காதீங்க லா அக்கா. கரண்டு இல்ல, பிளைட்டு கம்மி. உங்க பையன்களுக்கு வெளிய வர பெர்மிட்டும் கெடைக்க மாட்டேங்குது. ரெண்டு வருசம் போவட்டும், அப்புறம் பாக்கலாம்.”

“ரெண்டு வருசத்துல என் பையங்களுக்கு வயசு ஏறாதா தம்பி?”

நான் விடவில்லை. “வெளிய போக முடியாதவன் வீட்லதான் ஆடணும். போக முடிஞ்சவங்க வரட்டும். இதுல நடைமுறைக்கு ஒத்து வராதது என்னா இருக்கு?” என்றேன்.

அப்போதுதான் அந்தப் பதிவை எடுத்தார். மெதுவாகத்தான் எடுத்தார். “போன தடவ உங்க ஊர்லதான வச்சோம் அக்கா? டீம் எறங்கலியே.”

ஊர் நிலைமை, உடம்பு சரியில்லை, அது இது என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பொய் நாக்கு நுனி வரை வந்தது. உன் முகம் குறுக்கே வந்து நின்றது.

“ஆமா. எங்கண்ணன் தேதிய தப்பாத்தான் போட்டாரு. பேருக்குக்கூட ஒரு ஆட்டத்த ஏத்து நடத்தாதவங்களுக்கு இந்தத் தப்பு வராது. வீட்டுக்கு விருந்தாளியக் கூப்புட்டவதான் கொழம்புல உப்பு மறப்பா, கூப்புடாதவளுக்கு மறக்கிறதுக்கு என்னா இருக்கு?”

முனியாண்டி என்னைத் தாண்டித் தலையை நீட்டினான். அவனுக்குத் தமிழை விடப் பர்மியப் பேச்சுதான் சரளம், தேடித் தேடிப் பேசினான். “சார், நான் முனியாண்டி. காப்பு கட்டுனது நாங்க. வாயத் தொறக்காதது நாங்க. அண்ணன் பேர மட்டும் எழுதிட்டீங்க. எழுதறதா இருந்தா ஏழு பேரையும் எழுதுங்க. எம்பேர மொதல்ல எழுதுங்க.”

அந்தப் பக்கம் யாரோ ஆங்கிலத்தில் என்ன சொல்கிறான் என்று கேட்டார்கள். தேவராஜ் மொழிபெயர்த்தார். ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், இன்னும் சொல்லவில்லை. நான் என் தாளைத் திரைக்கு முன்னால் பிடித்தேன். கம்போடியாப் பெண் தனக்கு இந்த அட்டவணைதான் வேண்டும் என்றாள். தாய்லாந்துக்காரர், நவம்பர் கடைசிச் சனிக்கிழமை என்றால் ரங்கூனுக்கு வரத் தயார் என்றார். ஒன்பது பேரோடு நம்மை அவமானத்தில் பார்த்துவிட்டுப் போனவர்கள், அவர்களே வருகிறேன் என்கிறார்கள். அதற்குள் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. நான் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை இருட்டுத் திரையிடம்தான் முடித்தேன்.

மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் புது வரைவு வந்தது. மூன்று சனிக்கிழமைகளும் அப்படியே இருந்தன. முதல் ஆட்டம் ரங்கூனில், தாய்லாந்தோடு. ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். இந்தத் தடவையும் பதின்மூன்று பேர் களமிறங்காவிட்டால் நம்மைக் குழுவிலிருந்தே நீக்கிவிடுவார்கள். தள்ளிவைப்பு, மறுபரிசீலனை எதுவும் கிடையாது.

உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. நீ போகும்போது இருபத்து நான்கு பேர் இருந்தார்கள். இப்போது பதினாறு. சிலர் வேலை தேடிப் போனார்கள், சிலர் எங்கே போனார்கள் என்று அவர்கள் அம்மாக்களிடம்கூடக் கேட்கக் கூடாது. நவம்பருக்குள் இன்னும் நாலு பேர் போய்விட்டால் என்ன செய்வேன்? நீயாக இருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாயா? கேட்பதே வீண். நீ நிபந்தனையைப் படித்திருக்கவே மாட்டாய்.

முனியாண்டியிடம் சொன்னேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “பதினாறு இருக்கோம்ல எக்கா, மூணு மிச்சம்” என்றான். அவன் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டறையிலிருந்து இரண்டு பர்மியப் பையன்களைப் பிடித்து வந்திருக்கிறான். அவர்களுக்கு, பந்தை முன்னால் எறியக்கூடாது, பின்னால்தான் எறிய வேண்டும் என்று புரிய வைப்பதற்குள் தொண்டை கட்டிவிட்டதாம். வாரத்துக்கு மூன்று பயிற்சி. நான் ஞாயிறு பூசை முடிந்த கையோடு ரயிலேறிவிடுகிறேன். சாமியார் என்னைப் பார்த்தாலே கடிகாரத்தைப் பார்க்கிறார்.

நேற்று ஒப்புதல் படிவம் வந்தது. பொறுப்பாளர் என்ற இடத்தில் பழைய படிவத்திலிருந்தபடி உன் பெயரே அச்சாகி இருந்தது. இறந்தவர் பெயரை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதி அனுப்புங்கள் என்று குறிப்பு. பேனாவை எடுத்து ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை, அண்ணா. உன் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே முனியாண்டி எழுதினான். செய்தி பரவி, இன்று காலை அலுவலக வாசலில் பேனா கேட்டு வரிசை. அந்தச் சின்ன இடத்தில் பதினாறு பேரும், புதுப் பையன்கள் இரண்டு பேரும் நுணுக்கி நுணுக்கி எழுதி, இடம் போதாமல் ஓரத்தில் ஏறி எழுதியிருக்கிறார்கள். படிவம் செல்லாது என்று திருப்பி அனுப்பினால் இன்னொன்று கேட்டு வாங்குவேன். அதிலும் இப்படித்தான் எழுதுவோம்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை மூன்று மணிக்கு நம் பக்கம் பதின்மூன்று பேர் நிற்பார்கள். ஜெயிப்பார்கள் என்று சொல்லவில்லை, தாய்லாந்துக்காரர்கள் மலை மாதிரி இருக்கிறார்கள். ஆனால் நிற்பார்கள். தவறினால் அந்தப் பழியில் இனி நீ தனியாக இல்லை.

உன் கூடப் பிறந்த,
தங்கச்சி ரோசி