லுங்கி உரசிய வரிசை

ஆடி, முதல் செவ்வாய்.
பாகலூர் ரோட்டில் பைப் போடத் தோண்டி மூடாமல் விட்ட வருஷம். எதிர்வீட்டு வேப்பமரம் விழுந்ததும் இதே வருஷம்தான். இன்று தூறல், காற்று. செல்லில் பேசினால் அதுவே எழுதுகிறது. எனக்கு எழுத்து தெரியாது, திருப்பிக் கேட்டுக்கொள்வேன்.

நாற்றுப் பண்ணையில் புது வேலை. தக்காளி நாற்றின் தலையை மூங்கில் கழியால் காலை மாலை வருட வேண்டுமாம். சூப்பர்வைசர் கவிதா சொன்னது: "இந்த பாலிஹவுஸ் கூடாரத்துக்குள்ள காத்து இல்ல தாத்தா. அசைஞ்சாத்தான் செடியோட செல்லுக்கு உறைக்கும். உறைச்சா ஒசரத்தைக் குறைச்சுட்டுத் தண்டைத் தடிமனாக்கும்."

"செல்லா? என் சட்டைப் பையில இருக்கறதா?"

"அதுவும் தொட்டாத்தானே வேலை செய்யுது! இது செடிக்குள்ள, கண்ணுக்குத் தெரியாத குட்டி அறைங்க."

கழியை எடுத்தேன். கை போகவில்லை. பிஞ்சுக்கு நேரே விரல் நீட்டினாலே அழுகிவிடும் என்று வளர்ந்தவன் நான். சாயந்திரம் கவிதா கேட்டாள். "ஆச்சும்மா" என்றேன்.

செருப்பு வார் தைக்க வேண்டும்.

ஆடி, கடைசி வெள்ளி.
வெயில். தினமும் அதே "ஆச்சும்மா". நாற்று ஜோராக, சாணுக்கு மேல் உயரம். மும்தாஜ் வாங்க வந்தாள். குத்தகை நிலம், புருஷன் இல்லை, இந்தப் போகத்தை நம்பித்தான் வீடு. உயரமானதாகப் பார்த்துப் பொறுக்கினாள். "உங்க வளர்ப்பு சூப்பரு பெரியப்பா!" ஆட்டோக்காரர் "பேகா, பேகா" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார். ஏற்றிவிட்டேன். மும்தாஜ் டீ வாங்கித் தந்தாள். குடித்தேன்.

ஆவணி, முதல் திங்கள்.
நேற்று பெருங்காற்று. மும்தாஜ் போன். "பாதி படுத்துருச்சு பெரியப்பா, தண்டே ஒடிஞ்சு கெடக்குது. என் கைராசி எப்பவுமே இப்படித்தான்."

"காத்து ஜாஸ்திம்மா, அதான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

வியாழன்.
மறுபடி காற்று. விற்காத தட்டுகளைக் கவிதா குனிந்து பார்த்தாள். எல்லாம் ஒல்லி. நடைபாதை ஓரத்து வரிசை மட்டும் குட்டை, தண்டு தடி.

"எல்லாத்தையும் வருடுனீங்களா தாத்தா?"

லுங்கியை இழுத்துக் கட்டினேன். என் லுங்கியைப் பார்த்தாள். போக வர அது உரசின வரிசை.

"உங்க லுங்கி பார்த்த வேலையைக்கூட நீங்க பார்க்கல."

வெள்ளி.
ஓரத்து வரிசைத் தட்டுகளைக் கவிதாவே எடுத்துத் தந்தாள். மும்தாஜ் வயலுக்குக் கொண்டுபோனேன். நேற்றுக் காற்றில் அங்கே மிச்சமும் படுத்திருந்தது, ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை.

"உன் கைராசி இல்லம்மா. நான்தான் தொடல. தொட்டேன்னு பொய் சொன்னேன்."

கையிலிருந்த வாடின நாற்றைப் போட்டாள். "திங்கக்கிழமை பாதி நின்னுச்சே! அன்னிக்குப் போன்லயே சொல்லியிருந்தா நின்னதுக்காவது குச்சி கட்டியிருப்பேனே பெரியப்பா!"

கொண்டுபோனது இரண்டு பாத்திக்குக்கூடக் காணாது. வாங்கிக்கொண்டாள். டீ இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் சின்ன வயசுச் சுரைப்பிஞ்சு ஒன்று ஞாபகம். விரல் நீட்டினது நான். அழுகினதும் அம்மா கேட்டாள், யாரென்று. அன்றும் வாயைத் திறக்கவில்லை. அறை அக்காவுக்கு விழுந்தது. அம்மா போயாச்சு. பார்த்துக்கொண்டு நின்ற அண்ணனும் போன தையில். நான்தான் என்று போய்ச் சொல்ல, இருப்பது அடி வாங்கினவள் மட்டும். சிங்காரப்பேட்டையில், முனியம்மாக்கா.