உன் முறைத் தண்ணீர்

வதினா,

இன்று காலை தபால்காரர் ஒரு பெரிய உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே அட்டை வைத்து, மடங்காமல், கவிதாவின் போட்டோ. கறுப்பு அங்கியும் தொப்பியுமாக, சுருட்டிய பட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என் பேத்தி நர்ஸ் படிப்பை முடித்துவிட்டாள். வேலூரில் வேலையும் கிடைத்துவிட்டது. அவள் அண்ணன் தினேஷ் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறானே, அவனுக்குக் கீழே இப்போது பத்துப் பேர் வேலை செய்கிறார்களாம். சின்ன மகன் வீட்டுப் பெரியவன் போலீஸ் பரீட்சையில் தேறிவிட்டான். அவன் தங்கை ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்து, தன் கை நீளத்துக்கு ஒரு கோப்பை வாங்கியிருக்கிறாள். கடைக்குட்டி இரண்டாவதுதான் படிக்கிறது. மேடையேறிப் பதினாறாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் சொல்லிப் பென்சில் பெட்டி பரிசு வாங்கியது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் வீட்டில் இவ்வளவும் நடந்திருக்கிறது.

எப்போதும் போல போட்டோவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். மாட்டுக்கொட்டகையைத் தாண்டி, வரப்பில் ஏறி, கிணற்று மேட்டுக்கு வந்தபிறகுதான் உன் வீட்டுக் கதவில் தொங்கிய பூட்டு கண்ணில் பட்டது. அங்கேயே நின்றுவிட்டேன். நீ இருந்திருந்தால் தூரத்திலேயே என் நடையைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பாய்.

“ஆங், வந்துட்டியா? ஆரம்பி உன் பேரப்புள்ளைங்க புராணத்த. இரு, கைய கழுவிகினு வரேன். போட்டோல மண்ணு பட்டுச்சின்னா அதுக்கும் என்னத்தான் திட்டுவ.”

திட்டிக்கொண்டேதான் பார்ப்பாய். ஆனால் என் பிள்ளைகள் பார்ப்பதைவிட அதிக நேரம் பார்ப்பாய். நர்ஸ் படிப்பில் சேர்ந்த அன்று கவிதாவின் கன்னத்தைக் கிள்ளி, “அடியே, கெழவிக்கு ஊசி போடறப்ப மட்டும் வலிக்காம போடணும், இப்பவே சொல்லிட்டேன்” என்றாய். கடைசியில் உனக்கு ஊசி போட்டவர்கள் யார் யாரோ வீட்டுப் பேத்திகள்.

நமக்குள் இரத்த சொந்தம் கிடையாது. நீ நகரிப் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசிக்கொண்டு வாழ வந்தவள். நான் திருவாலங்காட்டுப் பக்கம். நம் வீட்டுக்காரர்கள் இருவரும் ஒருவரையொருவர் தெலுங்கில் பாவா, அதாவது மச்சான், என்று கூப்பிட்டதால் நாம் இருவரும் அண்ணி முறையில் வதினா ஆனோம். அதைவிடப் பெரிய சொந்தம் அந்தக் கிணறு. உன் நிலத்துக்கும் என் நிலத்துக்கும் நடுவில் ஒரே கிணறு, ஒரே மோட்டார். இரண்டு நாள் உன் முறை, இரண்டு நாள் என் முறை. ஒரு நாள் கரண்டு இல்லாமல் போனால் அந்த நாள் யார் கணக்கில் சேரும் என்று நாம் போட்ட சண்டை ரோடு வரைக்கும் கேட்கும். மறுநாள் காலையில் ஒரே ரயிலில், ஒரே கத்தரிக்காய் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு போவோம்.

மலைக்கு வருகிறவர்களுக்குத் திருத்தணி என்றால் முருகன். மொட்டை போட்டு, சந்தனம் பூசி, கீழே இறங்கித் திருப்பதி பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். நமக்கு அது தாலுகா ஆபீஸ், விதைக்கடை, பூச்சிமருந்துக் கடை, மார்க்கெட், விடியற்கால ரயில். கடைத்தெருவில் ஒருத்தர் தமிழில் விலை கேட்பார், கடைக்காரர் தெலுங்கில் சொல்வார், சண்டை இரண்டிலும் நடக்கும். கரும்பு டிராக்டர் ஒன்று மார்க்கெட் முனையில் திரும்பினால் போதும், ஊரே நின்றுவிடும். நம் மலைக்கு நாம் போனது வருஷக் கடைசி நாளில்தான். படித் திருவிழாவுக்கு மஞ்சளும் குங்குமமும் எடுத்துக்கொண்டு, படிக்குப் படி பொட்டு வைத்துக்கொண்டே ஏறுவோம். “வருஷத்துல ஒரு நாளுக்கு ஒரு படியாம். இதுல நாம போய்ச் சேர்ற படி எதுவோ? அதுல கொஞ்சம் மஞ்சள அதிகமா வை வதினா” என்று சிரிப்பாய். நான் உன் வாயை மூடுவேன்.

நம் கத்தரிக்காயும் கீரையும் பட்டணத்துக்குப் போன அதே ரயிலில்தான் நம் பிள்ளைகளும் போனார்கள். சாயந்திர ரயில் காலிக் கூடைகளைத் திருப்பிக் கொண்டுவந்தது. பிள்ளைகளை அப்படிக் கொண்டுவரவில்லை. போட்டோவைத் தபாலில் அனுப்பச் சொல்லி நான் அடம்பிடித்ததும் அதனால்தான். போனில் வருகிற படம் போன் உடைந்தால் போய்விடுகிறது. கையில் பிடித்தால்தான் எனக்கு நம்பிக்கை. சுவர் முழுக்க ஆணி அடித்து மாட்டி வைத்திருக்கிறேன்.

அந்தச் சுவரில் நீ இல்லை, வதினா.

தினேஷ் கல்யாணத்தில் எடுத்த பெரிய படம் நினைவிருக்கிறதா? எல்லோரும் வரிசையாக நின்றோம். நீயும் என் பக்கத்தில் வந்து நின்றாய். போட்டோக்காரர், “குடும்பத்துக்காரங்க மட்டும் நில்லுங்க” என்றார். இவளும் குடும்பம்தான் என்று சொல்ல எனக்கு ஒரு வாய் இருந்தது, சொல்லவில்லை. நீயாகவே விலகி, என் மருமகளின் கைப்பையை வாங்கிக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் போய் நின்றாய். அங்கிருந்து நாக்கைத் துருத்திப் பழிப்புக் காட்டினாய். அந்தப் படத்தில் நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன அழகான சிரிப்பு என்கிறார்கள். நாங்கள் பார்த்துச் சிரித்தது உன்னைத்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

உன்னைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது என் கரும்பு பூ விட்டு நின்றது. ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வராமல் வெட்டக் கூடாது. வருமா வருமா என்று காத்து, நாளுக்கு நாள் கரும்பு உள்ளே சக்கையாகிக்கொண்டிருந்தது. ஆர்டர் வந்த அன்று நீயே போன் பண்ணினாய்.

“வதினா, கட்டிங் ஆர்டர் வந்துச்சாமே?”

“ஆங், வந்துடுச்சி. நாளைக்கு ஆளுங்க இறங்கறாங்க. நான் இப்பவே ரயில் ஏறி உன்ன பார்த்துட்டு வந்துடறேன்.”

“பைத்தியமா உனக்கு? நீ இல்லன்னா ஆளுங்க பாதிய வெட்டிட்டு அடுத்த காட்டுக்குப் போயிடுவாங்க. மொதல்ல வெட்டிட்டு வா. நான் எங்க போயிடப் போறேன்? எழுந்து ஓடக்கூட இந்த நர்ஸ் பொண்ணுங்க விட மாட்டேங்குதுங்க.”

அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாய்: “கவிதா பட்டம் வாங்கற போட்டோ வந்துச்சா?”

“இன்னும் வரல.”

“வந்தா எடுத்துகினு வா. அதப் பார்த்துட்டாவது ஊசிக்குக் கைய நீட்டறேன்.”

வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன். நீயும் கரும்பு போட்டவள். வெட்டின கரும்பு ஒரு நாள் தரையில் கிடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு உனக்கும் தெரியும். அதனால் நீ சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. காலையில் ரயில் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குள் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்திருப்பேன். அவ்வளவு கிட்டத்தில்தான் நீ இருந்தாய்.

மூன்றாம் நாள் மத்தியானம் டிராக்டரில் பாரம் ஏற்றிக்கொண்டிருந்தபோது உன் மகன் போன் பண்ணினான். நான் கழித்துப்போட்ட கரும்புச் சோகைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி ஓடிவந்து, “நிறுத்திடலாமாம்மா?” என்று கேட்டார். தரையில் பாதிக் கரும்பு கிடந்தது. அதைப் பார்த்தேன். “ஏத்துங்க” என்றேன். அந்த ஒரு சொல்லை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

சாயந்திரம் வண்டியில் உன்னைக் கொண்டுவந்தார்கள். தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள். முகம் ஊதி, யாரோ போல இருந்தாய். உன் வீட்டில் இப்போது மாலை போட்டு மாட்டியிருக்கும் படமும் நீ இல்லை. ஆதார் அட்டைக்கு எடுத்ததைப் பெரிசு பண்ணி மாட்டியிருக்கிறான் உன் மகன். அவனையும் குறை சொல்ல முடியாது, வேறு படம் கிடையாது. அன்றைக்குச் சிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம், நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு, திருடு போன வீட்டைப் பார்க்கிறவள் மாதிரி முழித்துக்கொண்டிருக்கிறாய். “ஏன் வதினா, போலீஸ் ஸ்டேஷன்ல மாட்டற படம் மாதிரி இல்ல?” என்று நீயே கேலி பண்ணிய படம் அது.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். சாவு விழுந்த வீட்டு நிலம் காயக்கூடாது. கருமாதி முடிகிறவரை அந்த வீட்டு முறை நாளில் பங்குக்காரர் மோட்டார் போட்டு, அந்த நிலத்துக்கே தண்ணீர் கட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் போனபோது பதினாறு நாளும் நீ மண்வெட்டியோடு என் கரும்பில் நின்றாய். கால் சேற்றில் ஊறி விரலிடுக்கெல்லாம் வெள்ளையாகிவிட்டது. நானும் உனக்குச் செய்தேன். உன் முறை நாளில் மோட்டார் போட்டு, உன் நெல்லுக்குத் தண்ணீர் கட்டினேன். கருமாதி முடிந்த மறுநாள் உன் மகன் வரப்பில் வந்து நின்றான்.

“அத்தே, இனிமே தண்ணி வாணாம். நெலத்த பிளாட் போடறவங்களுக்குப் பேசி முடிச்சிட்டேன்.”

“பயிர் பால் பிடிச்சிகினு இருக்குடா.”

“தெரியும் அத்தே. ஒரு பூ வெளச்சலுக்கோசரம் நான் இங்க இருந்துக்க முடியுமா?”

அவன் சொன்னதிலும் தப்பில்லை. என் பேரன் பெங்களூரிலிருந்து வந்து இங்கே தண்ணீர் கட்டுவானா? மாட்டான். அதைத்தானே நான் கோப்பையும் பட்டமுமாகச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறேன். உன் நெல் மஞ்சளடித்துச் சாய்ந்தது. அதன்மேல் சிவப்பு வெள்ளைக் கல் நட்டிருக்கிறார்கள். பாம்பு மட்டும் வழி தெரியாமல் என் பக்கம் வருகிறது.

இப்போது கிணறு முழுக்க எனக்குத்தான். எல்லா நாளும் என் முறை. ஆனாலும் உன் நாளில் மோட்டார் போட எனக்குக் கை வரவில்லை. இரண்டு நாள் ஓட்டுகிறேன், இரண்டு நாள் நிறுத்திவிடுகிறேன். வெட்டின கட்டையிலிருந்து துளிர்த்த மறுதாம்புக் கரும்பின் குருத்து இந்த வெயிலுக்குக் காய்கிறது. பெரிய மகன் போனில் கத்துகிறான்: “யாரு வந்து கேக்கப் போறாங்கம்மா? போட்டு ஓட்டேன்.”

“கேக்க ஆளு இல்லன்னுதான்டா போடல” என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கும். நாம் அவ்வளவு சண்டை போட்டது இந்தத் தண்ணீருக்குத்தானே.

கிணற்று மேட்டில் அப்படி நின்றுகொண்டிருந்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. போன ஆடிக் கிருத்திகைக்கு வந்த கவிதா, தொட்டியில் கால் கழுவிக்கொண்டிருந்த உன்னைப் போனில் படம் பிடித்தாள். “எதுக்குடி பல்லு போன மூஞ்சிய புடிக்கிற?” என்று நீ தண்ணீரை வாரி அவள்மேல் இறைத்தாய். வீட்டுக்குத் திரும்பி வந்ததும் கவிதாவைக் கூப்பிட்டேன். போட்டோ வந்து சேர்ந்ததைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று அவள் நினைத்தாள்.

“ஆயா, போட்டோ நல்லாருக்கா?”

“நல்லாருக்கும்மா. அந்தக் கிணத்தாண்ட எடுத்தியே, அது இருக்குதா?”

தேடினாள்.

“இருக்கு ஆயா. ஆனா கலங்கினாப்புல இருக்கு. தண்ணி இறைக்கிறாங்க, பாதி மூஞ்சிய கை மறைக்குது. வாய் மட்டும் தெரியுது.”

“சிரிக்கிறாளா?”

“ஆங், சிரிக்கிறாங்க.”

என் சுவரில் கல்யாணப் படத்தைக் கழற்றி ஓரமாக மாட்டிவிட்டேன், வதினா. நடுவில் ஆணி காலியாக இருக்கிறது. கவிதாவிடம் சொன்னேன்:

“பாதி மூஞ்சின்னாலும் பரவால்ல. பெரிசா பிரிண்ட்டு போட்டு, மடங்காம அட்டை வெச்சி, இன்னிக்கே தபால்ல போடும்மா.”