இசோத்தே வரிசை

அம்மாவுக்கு நிக்கானோர் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா?

இந்த நாட்டில் எனக்குத் தோட்ட வேலைதான். போன வாரம் ஒரு வீட்டுத் தொட்டியில் நம் ஊரில் வேலியாக நடும் இசோத்தே செடி பூத்திருந்தது. முட்டையோடு வதக்கலாம் என்று பறித்தேன். வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். "பூவையா திங்கப் போற? மாடா நீ?" என்றாள். சிரித்துவிட்டு வந்தேன்.

நீ அனுப்பிய படத்தில் எலாதியோ அண்ணனின் புது அறை அழகாக இருக்கிறது. ஆனால் எங்கள் இருவர் நிலத்துக்கும் எல்லையாக நின்ற இசோத்தே வரிசை இடம் மாறியிருக்கிறது. நான் கிளம்பும்போது வெண்ணெய்ப்பழ மரம் என் பக்கம் இருந்தது. இப்போது அவன் பக்கம்.

போனில் கேட்டேன். "அங்கயே கெடக்கறவனுக்கு இங்க மரம் எதுக்குடா?" என்றான்.

தாத்தா காலத்தில் காப்பித் தோட்ட முதலாளியும் இப்படித்தான் எல்லைச் செடிகளைப் பிடுங்கித் தள்ளி நட்டு நம் மலைச்சரிவை எடுத்துக்கொண்டான். அவனையாவது குடும்பமே சேர்ந்து திட்டினோம்.

நீ எதுவும் கேட்காதே. அவன் கையால் சாப்பிடுகிறவள் நீ. யாராவது இங்கே வந்தால் வறுத்த பூசணி விதைப் பொடி கொஞ்சம் கொடுத்துவிடு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அடுத்த முறை படம் எடுத்தால், மரம் தெரியாமல் எடு.

நிக்கானோர்